கட்டைவிரல் விழுந்த படம்: வீட்டு மனிதர்களைச் சிரிப்போடு எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. போட்டோ எடுப்பதைத் தொழிலாகச் செய்கிற யாரிடம் காட்டினாலும் தலையில் அடித்துக்கொள்வார். இடது ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல் மங்கலாக விழுந்திருக்கிறது. அப்பாவின் தலை பாதிதான் தெரிகிறது. அத்தை எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். சிரித்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி நுனிமூக்குக்கு இறங்கிவிட்டது. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு அத்தையின் தோளில் சாய்ந்திருக்கிறார். அதே நாளில், அதே இடத்தில், எல்லோரையும் உயரவாரியாக நிறுத்தி எடுத்த குரூப் போட்டோவும் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைச் சட்டென்று தள்ளிவிடுகிறார்கள். கட்டைவிரல் படத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. "அப்படி என்னதான் சொன்னாங்க அன்னிக்கு?" என்று கேட்காதவர் கிடையாது.

அந்த மாதிரிப் படங்களை எடுப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். புதுக் கேமரா வாங்க வேண்டியதில்லை, கையில் இருக்கிற போன் போதும். பழகிக்கொள்ள வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். அவற்றில் பாதி, பட்டனை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை.

நாம் ஏன் விறைத்துப்போகிறோம்?

1838-ல் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி தாகேர் பாரிஸில் ஒரு சாலையை உயரத்திலிருந்து படம் எடுத்தார். ஆளும் வண்டியும் ஓயாத சாலை அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடித்ததால் நகர்ந்த எதுவும் பதியவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒரு மனிதர் மட்டும் தெரிகிறார். படத்தில் விழ வேண்டுமானால் அசையக் கூடாது என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. பிறகு வந்த ஸ்டுடியோக்களில் தலை ஆடாமலிருக்கப் பின்கழுத்துக்கு இரும்புப் பிடி வைத்தார்கள். அந்த நிலையில் யாருக்குச் சிரிப்பு வரும்?

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன், 100 படம் எடுக்கக்கூடிய ஃபிலிம் சுருளைப் போட்டே கோடாக் கேமராவை விற்றார். சுருள் முடிந்ததும் கேமராவை அப்படியே அனுப்பிவைத்தால் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருளோடு திருப்பித் தருவார்கள். 1900-ல் அதே கோடாக்கிலிருந்து வந்த பிரௌனி கேமரா இன்னும் எளிய பெட்டி. சிறுவர்களை மனதில் வைத்தே விற்கப்பட்டது. வீட்டு மனிதர்கள் ஓடுவதும் ஆடுவதும் படமானது அதற்கப்புறம்தான். ஸ்னாப்ஷாட் என்ற சொல்லே வேட்டைக்காரர்களுடையது: குறிபார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுடுவது. பிரான்ஸில் ழாக் ஆன்றி லார்த்திக் என்ற சிறுவன், கையில் கேமரா கிடைத்த நாளிலிருந்து, வீட்டார் படிக்கட்டிலிருந்து குதிப்பதையும் விளையாட்டு வண்டியில் பாய்வதையும் எடுத்துத் தள்ளினான். 1963-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69.

கேமராவுக்காக அசையாமல் நிற்க வேண்டிய கட்டாயம் தீர்ந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. நாம் மட்டும் இன்னும் கழுத்தில் இரும்புப் பிடி இருக்கிற மாதிரியே நிற்கிறோம். "சிரிங்க" என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசம். 1862-ல் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார்: உதட்டோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளே சந்தோஷம் வந்தால்தான் அசையும். கண்ணையும் சேர்த்து நடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

1. லென்ஸைத் துடையுங்கள், கேமராவைத் திறக்கப் பழகுங்கள்

போன் லென்ஸில் எப்போதும் விரல் எண்ணெய் இருக்கும். படம் பனிமூட்டமாக வருவதற்கும், விளக்குகள் கோடு கோடாக இழுப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். மெல்லிய பருத்தித் துணியால் ஒரு துடை. அவ்வளவுதான்.

அடுத்தது வேகம். போனை எடுத்து, லாக் திறந்து, கேமராவைத் தேடிப் போவதற்குள் சிரிப்பு முடிந்துவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கேமரா வந்துவிடும். ஐபோனில் பூட்டிய திரையை இடப்பக்கம் தள்ளினால் போதும். வால்யூம் பட்டனாலேயே படம் எடுக்கலாம். திரையைப் பார்க்காமல் இதை இருபது முறை செய்து பாருங்கள். வேடிக்கையாக இருந்தாலும் பலன் உண்டு.

2. ஆளை நகர்த்தாதீர்கள், நீங்கள் நகருங்கள்

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் வரட்டும்" என்று சொன்ன நொடியில் அந்தக் கணம் செத்துவிடும். வெளிச்சத்தைத் தேடிப் போக வேண்டியவர் எடுக்கிறவர்தான். பகலில் ஜன்னல் உங்களுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கும்படி நில்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தால் உத்தரத்து விளக்கை முன்கூட்டியே அணைத்துவிடலாம். இரண்டு நிற வெளிச்சம் கலந்து முகத்தில் பாதி மஞ்சளும் பாதி நீலமும் விழாது.

ஃபிளாஷை நிரந்தரமாக அணைத்து வையுங்கள். முகத்தைத் தட்டையாக்கும், கண்ணைச் சிவப்பாக்கும் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். ஒருமுறை பளிச்சென்று அடித்தால் அறையில் இருக்கிற அத்தனை பேரும் உங்கள் பக்கம் திரும்பிவிடுவார்கள்; அப்புறம் அரைமணி நேரத்துக்கு இயல்பான முகம் கிடைக்காது.

வெளிச்சம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சின்ன நேரத்துக்கு ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, திறந்தால் போதும். உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு ஒரு நொடியில் 60-ல் ஒரு பங்கு சமாளிக்கும். துறுதுறுவென்று இருக்கிற குழந்தைக்கு 250-ல் ஒரு பங்காவது வேண்டும், ஓடினாலோ குதித்தாலோ 500-ல் ஒரு பங்கு. போன் இதைத் தானே முடிவு செய்துகொள்ளும் என்றாலும், மாலை மங்கிய அறையில் அதனால் மாயம் செய்ய முடியாது. நைட் மோட் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் வித்தை. தூங்குகிற குழந்தைக்குச் சரி, விளையாடுகிற குழந்தைக்கு உதவாது.

கொஞ்சம் மங்கலாக வந்தாலும் பரவாயில்லை. கைதட்டுகிறவரின் கை மங்கினால் அது கைதட்டல் மாதிரிதான் இருக்கும்.

3. போஸுக்கு முன்னும் பின்னும்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

குரூப் போட்டோ எடுக்கும்போது நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒரு கலவரம். யார் எங்கே நிற்பது, குள்ளமானவர் முன்னால் வா, குழந்தையைத் தூக்கு, எங்கே அவனைக் காணோம். ஒருவர் சட்டையை இழுத்துவிடுவார், இன்னொருவர் பக்கத்திலிருப்பவரின் தலைமுடியைச் சரிசெய்வார். இந்த இரண்டு நிமிடமும் யாரும் உங்களைப் பார்ப்பதில்லை. எடுங்கள். பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கேட்டதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதையும் இரண்டு எடுங்கள். பிறகு "எடுத்தாச்சு!" என்று சத்தமாகச் சொல்லுங்கள், ஆனால் போனை இறக்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் தோள்கள் இறங்கும், வயிறு பழைய இடத்துக்கு வரும், ஒருவர் பக்கத்திலிருப்பவரின் முதுகில் தட்டுவார், பின்வரிசையிலிருந்து அதுவரை அடக்கி வைத்திருந்த கிண்டல் வரும், மொத்தக் கூட்டமும் சரியும். அந்த மூன்று நொடிதான் நமக்கு வேண்டியது. படம் எடுக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தாலோ ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தாலோ பல போன்கள் படபடவென்று தொடர்ச்சியாக எடுக்கும். ஐபோனின் லைவ் போட்டோ, அழுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடியைச் சேர்த்துப் பிடித்து வைக்கும். அதிலிருந்து பிடித்த கணத்தைப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம்.

எங்கள் கட்டைவிரல் படமும் அப்படி ஒரு "எடுத்தாச்சு"வுக்குப் பின்னால் விழுந்ததுதான் என்று நினைக்கிறேன்.

தனி ஆளாக இருந்தால் வேறு வழி. சிரிக்கச் சொல்லாதீர்கள், ஏதாவது கேளுங்கள். "நாம ரெண்டு பேரும் வழி தெரியாம சுத்தினோமே, அன்னிக்கு மழையா?" என்று கேட்டால் அவர் மனசு அந்த நாளுக்குப் போய்விடும், முகமும் கூடவே போகும். இல்லாவிட்டால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மூட்டை பிரிப்பவர், சைக்கிள் துடைப்பவர், குழந்தையின் ஷூ லேசைக் கட்டுகிறவர் யாரும் கேமராவைப் பற்றி யோசிப்பதில்லை. போனை முகத்துக்கு முன்னால் உயர்த்தாமல் நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தானே அவர் சிரிக்கிறார், அதை மறைத்தால் எப்படி?

விடைபெறும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அரைமணி நேரம் பேசுவார்களே, அது.

4. உயரம், தூரம், சுற்றுப்புறம்

குழந்தையை எடுக்க மண்டியிடுங்கள். மேலிருந்து எடுத்தால் உச்சந்தலைதான் பெரிதாகத் தெரியும். கண்ணுக்கு நேரே இறங்கினால் அதன் உலகம் தெரியும்: மேஜைக்கால், பெரியவர்களின் முழங்கால், கட்டிலுக்கடியில் ஒளிந்த பொம்மை.

போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்க்கும் வகை. ஒரு அடி தூரத்தில் நீட்டினால் மூக்கு உருண்டையாக வீங்கித் தெரியும். செல்ஃபியில் நம்மை நமக்கே பிடிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் இதுதான், முகத்தின் குற்றமில்லை. நாலைந்து அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் முகம் தன் அளவில் வரும். கூட்டத்தை எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாவதும் இதே லென்ஸின் வேலை. உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவரை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், ஆயுள் பகை.

சுற்றுப்புறத்தை வெட்டித் தள்ளாதீர்கள். பின்னால் இருக்கிற துணிக்குவியல், சுவரில் குழந்தை கிறுக்கியது, மூலையில் கிடக்கிற பழைய நாற்காலி எல்லாம் இன்று குப்பையாகத் தெரியும். பத்து வருஷம் கழித்துப் படத்தைக் கையில் எடுப்பவர்கள் முகங்களைப் பார்த்து முடித்ததும், "அட, அந்த நாற்காலி!" என்றுதான் கத்துவார்கள்.

5. விசேஷ நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்

ஹார்வர்டில் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் அன்றாட விஷயங்களை எழுதி வாங்கி வைத்தார்கள்: சமீபத்தில் யாரோடு என்ன பேசினார்கள், என்ன பாட்டுக் கேட்டார்கள் என்பது மாதிரி. மூன்று மாதம் கழித்துப் படித்தால் எவ்வளவு சுவாரசியமாக இருக்கும் என்று அப்போதே கேட்டும் வைத்தார்கள். திருப்பிக் காட்டியபோது, அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிக ஆர்வமாகப் படித்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வு இது. மூன்று மாதத்துக்கே இப்படி என்றால் முப்பது வருஷத்துக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவாரிக்கொள்வது, கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடுவது, தொலைபேசியில் ஒரே ஆளோடு மணிக்கணக்கில் பேசுவது, பெரியவர் நாளிதழைப் பிடித்தபடியே தூங்கிப்போவது. நண்பர்கள் என்றால் வழக்கமாகக் கூடுகிற இடத்தையே வருஷத்துக்கு ஒருமுறை எடுங்கள்.

6. வேண்டாம் என்றால் வேண்டாம்

கேமராவைக் கண்டாலே முகத்தை மறைக்கிற ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. துரத்தாதீர்கள். அவர் கையை எடுங்கள், முதுகை எடுங்கள், குழந்தையோடு நடக்கும்போது பின்னாலிருந்து எடுங்கள். எடுத்ததை முதலில் அவருக்கே காட்டுங்கள். "அழிச்சிடு" என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். அழிப்பீர்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் நாலாவது முறை அவரே தலையைத் திருப்பாமல் இருப்பார்.

எடுப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. மற்றவர்களின் குழந்தைகள் இருக்கிற படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் எங்கும் போடக் கூடாது. படத்தோடு இடத்தின் விவரமும் ஒட்டிக்கொண்டு போகலாம் என்பதால், பொதுவில் போடும் முன் அதை நீக்கிவிடுங்கள். அழுகிற குழந்தை, தூக்கத்தில் வாய் பிளந்த மாமா எல்லாம் வீட்டுக்குள் சிரிக்க மட்டும்.

7. எடுக்கிறவர் எங்கே?

அந்தக் கட்டைவிரல் எங்கள் தாத்தாவுடையது. பழைய சின்னக் கேமராக்களில் நாம் எட்டிப் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பதிகிற லென்ஸ் வேறு. விரல் மறைப்பது எடுப்பவருக்குத் தெரியாது. வீட்டில் எல்லாப் படங்களையும் அவரே எடுத்ததால், அந்த ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அவர் இருப்பது அந்த விரலாக மட்டும்தான்.

அதனால் போனை அவ்வப்போது மற்றவர் கையில் கொடுங்கள். குழந்தையிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் எடுக்கத் துணியாத கோணமெல்லாம் கிடைக்கும். பத்து நொடி டைமர் போட்டு அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வருவதும் ஒரு வழி. ஓடி வந்து உட்காருவதற்குள் படம் விழுந்துவிட்டால் அதை அழிக்காதீர்கள்.

8. அப்புறம் போனைக் கீழே வையுங்கள்

2014-ல் வெளியான, லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளரின் ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டே போனவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. இன்னொரு பக்கம், படம் எடுப்பது அனுபவத்தின் மகிழ்ச்சியைக் கூட்டும் என்று 2016-ல் வேறொரு ஆய்வு சொன்னது, அது குறுக்கே வராதவரை. இரண்டையும் சேர்த்து நான் வைத்திருக்கிற கணக்கு இது: ஒரு சந்திப்பில் ஐந்தாறு முறை போனை எடுப்பது, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இல்லை. மற்ற நேரமெல்லாம் அது பையில் இருக்கும். அந்தச் சிரிப்பில் நீங்களும் இருக்க வேண்டாமா?

9. வேண்டாததைக் கழிப்பது

எடுத்த இடத்திலேயே நின்று அழிக்கத் தொடங்காதீர்கள். அன்றைக்குப் பிடிக்காத முகம் ஒரு வாரம் கழித்துப் பிடிக்கும். வாரக் கடைசியில் உட்கார்ந்து, ஒரே கணத்தின் இருபது படங்களில் இரண்டோ மூன்றோ வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். கண் மூடியிருக்கிறது, தலை வெட்டுப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் நீக்கக் காரணமே இல்லை. என் அளவுகோல் ஒன்றுதான்: பார்த்ததும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் அது இருக்கட்டும். ஃபில்டர் போட்டுத் தோலை மெழுகாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சுருக்கம்தானே சிரிப்பின் தடம்.

10. பத்திரப்படுத்துவது

ஒருமுறை என் போன் தண்ணீரில் விழுந்தது. ஏழு மாதப் படங்கள் அதோடு போயின. தப்பித்தவை, சோம்பலில் யாருக்கோ அனுப்பி வைத்த முப்பது நாற்பது மட்டும். அன்றிலிருந்து மூன்று, இரண்டு, ஒன்று என்ற கணக்கைப் பின்பற்றுகிறேன்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. போனில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் கணக்கு முடிந்தது.

வாட்ஸப்பில் சும்மா போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் காணாமல் போகும். உறவினர்களிடமிருந்து வாங்கும்போது டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நாலு முறை விளக்க வேண்டியிருக்கும். விளக்குங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது ஐம்பது படங்களைப் பிரிண்ட் போடுங்கள். 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 1200க்கு 1800 பிக்சல் போதும், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். டிராயரில் தூங்குகிற பழைய போனின் படங்கள்கூடத் தாராளமாக வரும். பசைத் தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடுகிற ஆல்பம் வேண்டாம். வருஷங்கள் போனால் படம் அதிலேயே பிடித்துக்கொள்ளும், பிய்த்தால் கிழியும். பிவிசி பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்த்து, பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் உறைகளாகக் கேட்டு வாங்குங்கள். வெயில் படுகிற சுவரில் மாட்டுவதானால் மூலப் படத்தை அல்ல, ஒரு பிரதியை மாட்டுங்கள்.

11. பின்பக்கம் எழுதுங்கள்

யார், எங்கே, எப்போது. இவற்றோடு நாலாவதாக ஒன்று: அப்போது என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள். போனிலேயே படத்துக்கு விளக்கம் எழுத வசதி இருக்கிறது. பிரிண்ட்டின் பின்னால் எழுத மென்மையான பென்சில் எடுங்கள், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் தடம் முன்பக்கம் புடைத்துத் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதே உறைக்குள் சொருகுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பழைய ஆல்பத்தை அவர்கள் மடியில் வைத்து, போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள்.

போன மாதம் கட்டைவிரல் படத்தை ஆல்பத்திலிருந்து உருவிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. அத்தையைக் கேட்டால், அப்பா யாரோ ஒருவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினார் என்கிறார். அம்மா அதெல்லாம் இல்லை, குரூப் போட்டோவுக்கு நின்றபோது அத்தையே தும்மிவிட்டு எல்லோரையும் முறைத்தார் என்கிறார். அப்பா இரண்டையும் மறுத்துவிட்டுத் தனியாகச் சிரிக்கிறார். மூன்றையும் பென்சிலால் எழுதினேன். ஓரத்தில் இருக்கிற விரல் யாருடையது என்பதையும்.